இலை உரிமை

சட்டக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன். அந்த மூன்று வருஷத்தில் ஒரு வாத்தியாராவது, "நாளைக்கு நீ வக்கீலானால் தண்ணீர்ச் செம்பை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், தெரியுமா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து பருத்திக்கு மருந்தடித்திருப்பேன். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன். நடுவில் பல்லைக் கடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் காசிராஜன். குருவிகுளத்துக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊர். அய்யா பெயர் மூக்காண்டி. எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம், அதை ஒட்டிச் சித்தப்பா நல்லக்கண்ணுவுக்கு இரண்டு ஏக்கர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் எத்தனை நாள் இறைப்பது என்று அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு வந்து, எழுபத்தொன்றில் சங்கரன்கோவில் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு முடிகிற வரைக்கும் இரண்டு பேருமே கிணற்றில் கை வைக்கக் கூடாது என்று தடையுத்தரவு வந்தது. பதினொரு வருஷமாகக் கிணறு நிறையத் தண்ணீர் சும்மா கிடந்தது. புறா வந்து முட்டையிட்டுவிட்டுப் போனது. தோட்டத்தில் வேலிக்கருவை ஆள் உயரத்துக்கு நின்றது.

"எம் மவன் வந்து பேசுவாம்லே, அப்பம் தெரியும்" என்று அய்யா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் சட்டம் படித்ததற்கு வேறு காரணமே கிடையாது. அந்தக் கிணறுதான் காரணம்.

எண்பத்திரண்டில் கறுப்புக் கோட்டோடு சங்கரன்கோவிலுக்கு வந்து, ஜூனியராகச் சேர இடம் தேடினேன். முதலில் பார்த்த வக்கீல் என் கையெழுத்தைப் பார்த்தார். இரண்டாவது ஆள் எனக்கு சைக்கிளில் டபுள்ஸ் வைத்து மிதிக்கத் தெரியுமா என்று கேட்டார். மூன்றாவது ஆள் ஒன்றுமே கேட்கவில்லை, அவர் வீட்டு ரேஷன் கார்டைக் கையில் கொடுத்தார். சட்டத்தைப் பற்றி ஒருத்தராவது கேட்பார் என்று நானும் செக்‌ஷன் நம்பரையெல்லாம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு வீதி வீதியாக அலைந்தேன்.

கடைசியில் அய்யாவின் வக்கீல் சங்கரசுப்புவிடமே போனேன். தலை நரைத்த, சாந்தமான மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒம்ம குடும்பத்துல எத்தன கேசு இருக்கு வே?"

"ஒண்ணுதான் சார். கிணத்துக் கேசு. நீங்கதான் நடத்துதீங்க."

"மூக்காண்டி மவனா! நூத்திப் பதினாலு பை எழுபத்தொண்ணா!" என்று வழக்கு நம்பரைச் சொல்லி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "அத நான் தோளுல போட்டு வளத்திருக்கேம் வே. பதினோரு வருசத்துல அதுக்கு ஒரு காச்சல் தலவலி வந்ததில்ல. ஒம்மச் சேத்துக்கிடுதேன். ஒம்ம அய்யா கேச நீரே பேசலாம்."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்த ஒரு வாக்குக்காகத்தான் பிறகு நடந்ததையெல்லாம் சகித்தேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஒரு மணிக்கு என்னைக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடி ஓட்டலுக்கு அழைத்துப் போனார். மேலே நீளமான கூடம். வாசலில் போர்டு: 'மேல் வட்டார வழக்கறிஞர் மதிய உணவு மன்றம்'. காலையில் கோர்ட்டில் எதிரும் புதிருமாக நின்று தொண்டை கிழியக் கத்திய இருபத்திரண்டு வக்கீல்களும் அங்கே ஒரே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்காரப் போனேன். இருபத்திரண்டு தலையும் என் பக்கம் திரும்பின.

"தம்பிக்கு விதி தெரியாது போல" என்றார் ஏசுவடியான். அவர் மன்றத்தின் செயலாளர். என் சித்தப்பாவின் வக்கீலும் அவர்தான். சங்கரசுப்புவும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலை.

ஏசுவடியான் அச்சடித்த விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். புதிதாக வந்த ஜூனியர் பந்தியில் உட்காரக் கூடாது. சீனியருக்குப் பின்னால் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும், செம்பு வலது கையில். இரண்டு வருஷம் ஆனால் உப்பு, ஊறுகாய் வைக்கலாம். நாலாம் வருஷம் அப்பளம். ஆறாம் வருஷம் சாம்பார். அதற்குப் பிறகு மன்றம் கூடித் தீர்மானித்தால் இலை உரிமை, அதாவது உட்கார்ந்து சாப்பிடலாம். இலை உரிமை இல்லாதவனோடு இந்த ஊரில் எந்த வக்கீலும் வழக்கு நடத்த மாட்டார்.

"விதி ஒன்பது ரொம்ப முக்கியம்" என்றார் ஏசுவடியான். "சாப்பிட்ட இலைய நம்ம பக்கமாத்தான் மடக்கணும். எதிர்ப்பக்கம் மடக்குதது துட்டி வீட்டுல. இங்கன எதுவும் சாவாது தம்பி. ஒரு கேசு கூடச் செத்ததில்ல."

எல்லாரும் தங்கள் பக்கமாக இலையை மடித்தார்கள்.

அன்றிலிருந்து நான் தண்ணீர் ஊற்றினேன். என் பக்கத்தில் அப்பளக் கூடையோடு நின்றவர் தங்கப்பழம். ராயகிரிக்காரர், நாலு வருஷ வக்கீல், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அப்பளம் நொறுங்காமல் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரில் பேர். அவர் கோர்ட்டில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

பின்னால் நின்று கேட்கக் கேட்கத்தான் விஷயம் விளங்கியது. கோர்ட்டில் நடப்பது சும்மா சடங்கு. வாய்தாத் தேதியெல்லாம் பந்தியில் முடிவாகும், அதுவும் ரசம் வரும்போது. "என்ன அண்ணாச்சி, ஒம்ம தேவர்குளம் கேசு?" "ரெண்டு மாசம் போடும்." கூட்டு நன்றாக அமைந்தால் மூன்று மாதம். பாயாசம் இருந்தால் நேரே கோடை விடுமுறைக்குப் பிறகு. எங்கள் கிணற்று வழக்குக்குப் பத்து வயது நிறைந்தபோது வடை பாயாசத்தோடு விருந்தே நடந்ததாம். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மாலை போட்ட கேஸ் கட்டுக்கு இந்தப் பக்கம் சங்கரசுப்பு, அந்தப் பக்கம் ஏசுவடியான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சார், இத முடிக்கவே மாட்டியளா?" என்று கேட்டே விட்டேன்.

சங்கரசுப்பு கோபப்படவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "கேசுங்கது ஒரு மரம் வே. நெழலு குடுக்கும், காய் குடுக்கும், நம்ம பிள்ளைகளுக்கும் குடுக்கும். தீர்ப்புங்கது அத வெட்டுதது. ஜட்ஜு வெட்டத்தான் செய்வாரு, அவரு உத்தியோகம் அது. தண்ணி ஊத்தி வளக்குதவன்தான் வக்கீலு. நீரும் அதத்தான செய்யுதீரு?"

செம்பைப் பார்த்தேன்.

என் மத்தியானச் சாப்பாடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீரா பீவி நடத்திய புரோட்டாக் கடையில், மூன்று மணிக்கு மேல். மதுரையில் படிக்கிறபோது தெருவோர இட்லிக் கடையில் தட்டை ஏந்திக்கொண்டு, ரிக்‌ஷாக்காரரும் பேங்க் மேனேஜரும் நானும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு தின்போம். எவனும் எவனையும் எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டதில்லை. மீரா பீவி கடையிலும் அப்படித்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தால், பிய்த்துப் போட்ட புரோட்டாவில் சால்னா குளமாக நிற்கும்.

"என்ன வக்கீல் தம்பி, இன்னைக்கு யாரைச் செயிச்சீரு?" என்று கேட்பாள்.

"ஏசுவடியான் சாருக்கு நாலு டம்ளர் ஊத்தினேன் அக்கா."

"அல்லாவே! பெரிய கேசுதான்" என்று இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

இப்படியே ஓடியிருக்கும். மார்கழிக் கடைசியில் புது நீதிபதி ஒருவர் மாற்றலாகி வந்தார். வந்த முதல் நாளே மன்றத்தில் பீதி. மனிதர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறு கொண்டுவந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷத்தில் தின்றுவிட்டுக் கோர்ட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதோடு, பழைய வழக்குகளை முதலில் முடிப்பேன் என்று பட்டியலும் ஒட்டிவிட்டார். பட்டியலின் தலையில் 114/71. தேதி, தை ஏழு.

அன்றைக்கே அவசரக் கூட்டம். ஏசுவடியான் எழுந்து பேசினார்: "வெளிய சாப்பிடாத ஒரு மனுசன வச்சுக்கிட்டு எப்படி அண்ணாச்சி நீதி வழங்க முடியும்? இன்னைக்கு நூத்திப் பதினாலு போகும். நாளைக்கு நம்ம எல்லா மரத்தையும் வெட்டிட்டு, மொட்ட வெயிலுல நிப்போம். நம்ம கட்சிக்காரங்க எல்லாம் சமாதானமாப் போயிட்டா நம்ம கதி என்ன?" பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் செம்போடு நின்று உள்ளுக்குள் சந்தோஷத்தில் குதித்தேன். கிணறு முடியப் போகிறது!

ஊருக்குப் போய்ச் சொன்னேன். அய்யா என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போய்க் காட்டினார். நாலு பாத்தியில் மிளகாய் நாற்று. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறார்.

"புது ஜட்ஜு வாராருன்னு கார்த்திகையிலயே கேள்விப்பட்டு வெத போட்டேம்லே. தை ஏழுக்கு நாப்பது நாளு ஆவும். அன்னைக்குத் தீந்துதுன்னா மறுநாளே கெணத்துத் தண்ணியில நட்டுருவேன். பத்து நாளு தாண்டிச்சோ, பூராவும் போச்சு. நீ பேசிருவதான?"

"பேசிருவேன் அய்யா."

ராத்தூக்கம் இல்லாமல் தயாரித்தேன். சாட்சியம், வரைபடம், பழைய பாகப்பிரிவினை எல்லாம் மனப்பாடம். இருபது நிமிஷ வாதம். கருவேல மரங்களைப் பார்த்துப் பேசிப் பழகினேன்.

தை ஐந்தாம் தேதி மன்றம் கூடியது. சங்கரசுப்பு எழுந்து, "நம்ம காசிராஜன் செம்பு பிடிக்கித அழகப் பாத்து, விதியத் தளத்தி, அவருக்கு இப்பமே இலை உரிமை குடுக்கணும்னு முன்மொழியுதேன்" என்றார். ஏசுவடியான் வழிமொழிந்தார். என் பக்கத்தில் படார் என்று சத்தம். தங்கப்பழத்தின் அப்பளக் கூடை கீழே கிடந்தது.

விருந்து தை ஏழு, ஒரு மணி. இலை ஏற்பவர் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும்: எனக்கு விருந்து நடக்கும் நாளில் இலை போட்ட பிறகு எந்த வழக்கையும் நடத்த மாட்டேன், மன்ற மரியாதை கருதி வாய்தா வாங்குவேன்.

தேதியைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. "சார், அன்னைக்குத்தான..." என்றேன்.

"பதினோரு மணிக்குக் கேசு, ஒரு மணிக்கு இலை. நடுவுல ரெண்டு மணி நேரம் கெடக்கு. இருவது நிமிசம் நீரே பேசும். நான் வாயே தெறக்க மாட்டேன். சத்தியமாச் சொல்லுதேன்" என்று சங்கரசுப்பு என் தலையில் கை வைத்தார்.

கையெழுத்துப் போட்டேன். ஆறு வருஷம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரே வருஷத்தில் உட்காரப் போகிறேன் என்ற பெருமையும் இருந்தது. இல்லை என்று பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

மீரா பீவியிடம் சொல்லிக்கொண்டேன். "அக்கா, ஏழாந்தேதியிலருந்து மாடியில சாப்பாடு. இலை குடுத்துட்டாங்க."

அவள் தோசைக்கரண்டியை அப்படியே பிடித்தபடி, "ஏழாந்தேதி ஒங்க அய்யா கேசுன்னீரே" என்றாள். "அதே நாளாப் பாத்தா இலை போடுதாங்க?"

"தற்செயல் அக்கா."

"அப்படியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மாவைத் தட்டினாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

தை ஏழு. அய்யா வெளுத்த வேட்டி கட்டி, கோர்ட்டின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு மிளகாய் நாற்று. ஜட்ஜு கேட்டால் காட்டவாம். எதிர்ப் பெஞ்சில் சித்தப்பா. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்று அடித்தது. எங்கள் வழக்கைக் கூப்பிடுவதற்கு முன் ஏசுவடியான் எழுந்து வேறொரு வழக்கில் ஒரு மனு போட்டார். அதை வாசிக்க அரைமணி நேரம். அடுத்து இன்னொருத்தர் ஒரு மனு. அடுத்து இன்னொருத்தர். இருபது பேர் வரிசையாக எழுந்தார்கள். பதினொரு வருஷமாக வாய்தாவைத் தவிர ஒன்றும் கேட்காதவர்கள் அன்றைக்கு வாய் ஓயாமல் சட்டம் பேசினார்கள். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது 114/71 என்று கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் வாதியின் மகனா? தயாரா இருக்கீங்களா? மணி ரெண்டானாலும் சரி, என் சாப்பாடு எங்கயும் போகாது. இன்றைக்கு இதை முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன். பேசுங்க."

இப்படி ஒரு வார்த்தையை அந்தக் கோர்ட்டில் யாருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாயைத் திறந்தேன். வாசலில் தங்கப்பழம் வந்து நின்று, "இலை போட்டாச்சு" என்றார். முதன்முதலாகக் கோர்ட்டுக்குள் அவர் குரலைக் கேட்டேன்.

திரும்பினேன். சங்கரசுப்பு வாய் திறக்கவில்லை. சத்தியம் பண்ணியிருந்தாரே. கைக்கடிகாரத்தைக் காட்டினார், அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் இருபத்தொரு கறுப்புக் கோட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பேசினால் இந்த ஊரில் எனக்கு இலை கிடையாது, சீனியர் கிடையாது, தொழில் கிடையாது. திரும்பவும் ரேஷன் கார்டு. ஒரே ஒரு வாய்தாதானே, அடுத்த தடவை பேசிக்கொள்ளலாம் என்று ஒரு பாழாய்ப்போன நினைப்பு வந்தது. இருபது நிமிஷ வாதத்துக்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பிரேயிங் ஃபார் டைம், யுவர் ஆனர்."

நீதிபதி என்னைப் பார்த்தார். பிறகு, "சித்திரை கழியட்டும்" என்று எழுதிவிட்டு எழுந்து போனார்.

அய்யாவையும் சித்தப்பாவையும் மன்றமே கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனது. எதிரெதிர் இலை. எனக்குச் சங்கரசுப்புவின் பக்கத்தில் இலை. ஏசுவடியான் பேசினார்: "இன்னைக்கு நம்ம ஜூனியர் ஒரே வரியில ஒரு கேசக் காப்பாத்தியிருக்காரு. சொந்த அப்பன் கேசுன்னு கூடப் பாக்கல. இந்த நேர்மை யாருக்கு வரும்?" எல்லாரும் கை தட்டினார்கள். நான் குனிந்து இலையைப் பார்த்தேன்.

அய்யா டம்ளர் தண்ணீரைக் குடிக்காமல் மடியிலிருந்த ஈரத்துணியில் ஊற்றினார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த இங்கிலீசு எனக்குத் தெரியுமே மக்கா. பதினோரு வருசமா வாய்தாவுக்கு வாய்தா அதைத்தான கேட்டுக்கிட்டு வாரேன். 'பிரேயிங் ஃபார் டைம்.' அத நானே சொல்லிருப்பேன். ஒன்ன மதுரைக்கு அனுப்பியிருக்க வேண்டாம்."

என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அய்யாவிடம் அதைச் சொல்ல முடியவில்லை, நான் அவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தேன்.

அய்யா தன் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார்.

"மூக்காண்டி, நம்ம பக்கமா மடக்கணும்" என்று சங்கரசுப்பு பதறினார்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார் அய்யா.

எதிரே சித்தப்பா அய்யாவின் மடியிலிருந்த துணியைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். தன் இலையையும் எதிர்ப்பக்கமாக மடித்தார். "நாத்துக்கு நாளு போயிரும். எந்திரிண்ணே" என்றார். பதினொரு வருஷத்தில் அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு. இரண்டு பேரும் கை கழுவிவிட்டு மாடிப்படி இறங்கினார்கள். நானும் எழுந்தேன்.

"இரும் வே. பாயாசம் வருது" என்று சங்கரசுப்பு என் கையைப் பிடித்தார்.

உட்கார்ந்துவிட்டேன்.

நாலாம் நாள் காலை, கோர்ட் கூடியதும் அய்யாவும் சித்தப்பாவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். இரண்டு பேர் காலிலும் முழங்கால் வரைக்கும் காயாத சேறு. கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அய்யாவுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றேன்.

"கேசு வேண்டாம் அய்யா" என்றார் அய்யா நீதிபதியிடம். "கெணத்த முந்தாநாளே எறச்சாச்சு. ஆளுக்கு மூணு நாளு. உத்தரவ மீறினதுக்கு எது குடுத்தாலும் வாங்கிக்கிடுதோம்."

நீதிபதி முகத்தில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "எழுதிக்கிறேன். உங்க வக்கீல் யாரு?"

அய்யா திரும்பி என்னைப் பார்த்தார். என் கோட்டை, கையிலிருந்த கட்டை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"எனக்கு வக்கீலு கிடையாதுய்யா" என்றார்.